தேனீயின் பெயரும் இனமும்: செரானா – இந்திகா வழக்குப் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதலும், ஒரு பெயர் காலப்போக்கில் வேறு பொருளைச் சுட்டுதலும் மொழிக்கு இயல்பே. வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு முதலானவற்றை நிகண்டு நூலார் ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்து வைத்தனர். குறுந்தொகை இரண்டாம் பாட்டில் தலைவன் விளித்துப் பேசும் தும்பி, பூவின் மணமறிந்து தேனை நாடும் உயிர். இன்று நம்மூர்ச் சிறுவர் துரத்திப் பிடிக்கும் தும்பியோ சிறு பூச்சிகளை வேட்டையாடி உண்பது. பெயர் நிலைத்தது, பொருள் மாறிற்று. இலக்கியத்தில் இம்மயக்கத்தை இடமும் உரையும் நோக்கித் தீர்த்துக்கொள்கிறோம். உயிரியலில் தீர்ப்பது எவ்வாறு? பெட்டிகளில் வளர்க்கப்படும் நம் தேனீயின் பெயர் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

விலங்குப் பெயரீட்டின் தலையாய விதி முன்மை விதியாகும். ஐரோப்பியத் தேனீக்கு இலினேயசு 1758இல் 'ஏபிசு மெலிபெரா' எனப் பெயரிட்டார். தேனைச் சுமப்பது என்பது அதன் பொருள். தேனீ சுமப்பது பூந்தேறலையே. தேன் கூட்டில் ஆக்கப்படுவது. இதனைக் கருதிப் போலும் அவரே 1761இல் தேனை ஆக்குவது எனப் பொருள்படும் 'மெலிபிக்கா' என்னும் பெயரை வழங்கினார். பின்னைய பெயரே பொருத்தமுடையதெனினும் முன்னைய பெயரே நிலைபெற்றது. ஆகவே, விதி நாடுவது பெயரின் பொருட்பொருத்தத்தை அன்று, அதன் உறுதிப்பாட்டையே என்பது பெறப்படும்.

நம் தேனீக்கு வருவோம். பபிரிசியசு 1793இல் சீனத்துத் தேனீயைச் 'செரானா' என்றும், 1798இல் இந்தியத் தேனீயை 'இந்திகா' என்றும் பெயரிட்டார். இந்தியத் துணைக்கண்டத்துத் தேனீ வளர்ப்பு நூல்களில் நெடுங்காலம் வழங்கியது 'இந்திகா' என்பதே. இரண்டும் ஓரினமே என்னும் கருத்து வலுப்பெற்றபோது முன்மை பெற்ற 'செரானா' இனப்பெயராயிற்று. 1988இல் வெளிவந்த உருட்னரின் பெருநூல் செரானாவை நான்கு உபஇனங்களாக வகுத்தது. 'இந்திகா' அவற்றுள் ஒன்றாயிற்று.

இம்மாற்றம் தமிழில் எடுத்துரைக்கப்படும் முறையே நம் கண்டனத்துக்குரியது. பழைய பெயர் பிழையென்றும் புதியது சரியென்றும் சிலர் எழுதுகின்றனர். வேறு சிலர் ஒரு பக்கத்தில் இந்திகாவையும் மறுபக்கத்தில் செரானாவையும் இரு வேறு தேனீக்கள் போல விவரிக்கின்றனர். இரு சாராரும் இரு வேறு வினாக்களை ஒன்றாக்கி விடுகின்றனர். எப்பெயர் முந்தியது என்பது ஏட்டைப் பார்த்துத் தீர்க்கும் வினா. எத்தனை இனங்கள் உள்ளன என்பது உயிரைப் பார்த்துத் தீர்க்கும் வினா. முன்னையதற்கு விடை கண்டதனால் பின்னையது முடிந்துவிடாது. 'இந்திகா' பிழைபட்ட பெயரன்று. ஓரினம் என்னும் கொள்கை நிலவும்வரை ஒதுங்கியிருக்கும் பெயர். அக்கொள்கை வீழுமாயின் அது மீண்டும் இனப்பெயராக எழும்.

2010இல் நிகழ்ந்ததும் இதுவே. தென்னிந்தியச் சமவெளிகளில் வாழும் மஞ்சள் நிறத் தேனீ, 'இந்திகா' என்னும் தனியினமாகக் கொள்ளத்தக்கது எனப் பரம்பரையலகுச் சான்று கொண்டு ஓர் ஆய்வு முன்மொழிந்தது. 2022இல் கேரள ஆய்வாளர், மேற்குத் தொடர்ச்சி மலைக் கருந்தேனீயை 'கரிஞ்ஞொடியன்' என்னும் புதிய இனமாக விவரித்தனர். அவர்கள் முதன்மையாகக் கொண்டது சிறகு நரம்புகளின் அளவு விகிதத்தை.

இம்முயற்சிகளின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உயரத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்பத் தேனீயின் பருமனும் நிறமும் வேறுபடுதல் அறியப்பட்ட செய்தி. எனவே அளவை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் ஐயத்துக்கு இடந்தரும். சுலவேசித் தீவின் வரலாறு இங்கு நல்ல அளவுகோலாகும். 1861இல் பெயரிடப்பட்ட 'நிக்ரோசிங்டா' பின்னர் நெடுங்காலம் செரானாவுள் அடக்கப்பட்டிருந்தது. ஒரே தீவில் வாழும் இவ்விரு வகைகளின் ஆண் தேனீக்கள் புணர்ச்சிப் பறப்புக்குப் புறப்படும் வேளை வேறுவேறு என 1996இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வேளை வேறாயின் கலப்பு நிகழ்தல் அரிது. அதனால் தனியின நிலை உறுதிபெற்றது. மலைத் தேனீயும் சமவெளித் தேனீயும் சந்திக்கும் இடங்களில் இத்தகைய சான்று தேடப்படுதலே வழக்கைத் தீர்க்கும் நெறி என்பது நம் துணிபு.

இது வெறுஞ் சொற்போர் அன்று. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் பரவி, வளர்ப்புத் தேனீக் கூட்டங்களுள் மிகப் பெரும் பகுதியை அழித்தது. அத்தகைய அழிவின் பின் வேற்றிடங்களிலிருந்து கூட்டங்களைக் கொணர்ந்து நிரப்ப முற்படுவோர், கொணர்வது அதே இனமா என்பதை அறிதல் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் வழங்கின், இடத்துக்குரிய தேனீ மறைந்தாலும் பெயர்ப்பட்டியல் அதனைக் காட்டாது. கணக்கில் தேனீ குறையாதிருக்கக் காட்டில் ஓரினம் அற்றுப்போகலாம்.

ஆதலின் தமிழில் எழுதுவோர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. இனப்பெயரோடு அதனை இட்டவர் பெயரையும் ஆண்டையும் குறித்தல் ஒன்று. சீனத்தில் பெறப்பட்ட முடிவை ஈழத்துத் தேனீக்கோ தமிழகத்துத் தேனீக்கோ ஆய்வின்றி ஏற்றிக் கூறாமை இரண்டு. மலை, சமவெளி, நிறம் ஆகியவை பற்றி மக்கள் வழங்கும் பெயர்களை இழிவழக்கென ஒதுக்காது பதிவு செய்தல் மூன்று. கருந்தேனீயையும் மஞ்சள் தேனீயையும் வேறு பிரித்தறிந்தோர் தேனெடுப்போரே. பரம்பரையலகு ஆய்வு அவர்களுக்குப் பின்னரே வந்தது. அவர்கள் பிரித்ததை நாம் ஒரு சொல்லில் அடக்கி இழந்துவிடுதல் தகாது. பெயர் பொருளுக்கு வாயில்; வாயிலையே வீடெனக் கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது.