ராணிக்குக் கத்தி வைக்கலாமா?

கிள்ளானில் அக்கா வீட்டு ராணிக்கு 12 வயது. நாட்டு நாய், கருத்தடை செய்யாதது. தீபாவளி முடிந்த வாரம் ஒரே நாளில் தண்ணீர்க் கிண்ணத்தை நான்கு முறை காலி செய்தது. சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. வாலடியில் கசிந்ததை அக்கா பழைய வேட்டித் துணியால் துடைத்தபடியே இருந்தாள். ஸ்கேன் பார்த்த மருத்துவர் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, அதை எடுத்தாக வேண்டும் என்றார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது இதயத்திலும் முணுமுணுப்புச் சத்தம் கேட்டது.

வீடு இரண்டாகப் பிரிந்தது. “வயசான காலத்துல கத்தி வைக்காதீங்க. அது பாட்டுக்கு நிம்மதியா போகட்டும்” என்றார் அத்தான். “எவ்வளவு செலவானாலும் செஞ்சிடுவோம் மாமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா மகள். இருவரும் பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் எந்த நோய் என்று இருவருமே கேட்கவில்லை.

அத்தானின் பயம் வீண் பயமில்லை. 2008-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களைக் கணக்கெடுத்தது. ஆரோக்கியமான நாய்களில் 2,000-க்கு ஒன்று இறந்தது. நோயுற்றவற்றில் 75-க்கு ஒன்று. சிறிய எண் என்று அதை ஒதுக்க முடியாது. ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது? சீழை உள்ளேயே விட்டால் நஞ்சு இரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் சரியும். மருந்து மட்டும் கொடுத்தால் அடங்குவதுபோல் அடங்கிப் பல நேரம் திரும்ப வரும். அத்தான் சொன்ன நிம்மதி இந்த நோயில் கிடையாது. அவருடைய வாதம் அந்த ஒரு சொல்லில் உடைகிறது.

இதயம்? சத்தம் கேட்டது என்பதாலேயே அறுவை முடியாது என்றாகிவிடாது. இதயம் பெருத்திருக்கிறதா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் இதய ஸ்கேனும் சொல்லும். பெருத்தும் அறிகுறி தோன்றாத நாய்களுக்கு, பிமோபென்டன் மாத்திரை இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போடுகிறது என்று 2016-ல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. நாய்க்குப் பதினைந்து மாதம் நீண்ட காலம். அறுவையின்போது ஆபத்து, நரம்பில் ஏற்றும் திரவத்தின் அளவில் இருக்கிறது. குறைந்தால் சிறுநீரகம் அடிபடும், கூடினால் நுரையீரல் நனையும். ஆகவே மயக்கத்தில் இருக்கும்போது இரத்த அழுத்தத்தை அளப்பது யார், இரவில் கூட இருப்பது யார் என்று கேட்டே ஆக வேண்டும். முன்பு சொன்ன பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதி, அறுவை முடிந்த பிறகுதான் இறந்தன. மாலையில் கதவைப் பூட்டிவிட்டுப் போகும் கிளினிக்கில் ராணியைப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போல, சிக்கலான நோயாளிகளை அனுப்பிவைக்கும் இடங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஆனால் சீழ் பல நாள் காத்திருக்காது. அன்றே நரம்பில் திரவம், ஆன்டிபயாடிக், உடல் சற்றுத் தேறியதும் அறுவை.

அக்கா மகளின் கட்சியைச் சோதிக்க இன்னொரு நாய் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நண்பரின் 13 வயது நாய்க்கு மண்ணீரல் கட்டி உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தது. மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு புற்று, அவற்றிலும் பெரும்பகுதி இரத்தக்குழாய்ப் புற்று என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் பழைய கணக்கு. அந்தப் புற்றுக்கு மண்ணீரலை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம், கீமோவும் சேர்த்தால் 4 முதல் 6 மாதம். இதற்கோ ஈரலிலும் புள்ளிகள் தெரிந்தன. மிஞ்சும் சில வாரங்களில் முதல் இரண்டு தையல் ஆறுவதற்கே போய்விடும். நண்பர் ஊசி போட்டு அனுப்பி வைத்தார். “உயிரை எடுக்க நாம யாரு” என்று அவர் தாயார் அழுதார். அந்த அழுகைக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனாலும் நண்பர் செய்ததே சரி. வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் கடமையை 2015-ன் விலங்கு நலச் சட்டம் உரிமையாளர் மீது வைக்கிறது. கத்தியால்தான் காக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதே கட்டி உடையாமல், பரவாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்திருந்தால் அறுவைக்கே என் வாக்கு. அப்படி அகப்படுபவற்றில் தீங்கற்றவை அதிகம்.

பணத்தை இழுக்காமல் இதைப் பேசுவது நேர்மையாகாது. சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் பாரம்தான். கட்ட முடியாதவர் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்லக்கூடாது. அவர் அன்றைக்கே ஊசியைக் கேட்கலாம். நாயை மூலையில் போட்டுவைத்துக் காத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

ராணிக்கு அறுவை என்றே சொன்னேன். மேசையிலேயே போயிருந்தாலும் என் தீர்ப்பு அதுதான். மயக்கத்தில் இருக்கும்போதே விலாவில் உள்ள கொழுப்புக் கட்டியையும் எடுத்துவிடவா என்று கேட்டார்கள். வலிக்காத கட்டி அது. அதற்காக மயக்க நேரம் நீளக்கூடாது, வேண்டாம் என்றேன். கட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது. மாலையில் ஐந்தடி நடைபாதையில் ராணி கால் நீட்டிப் படுக்கும்போது, அக்கா மகள் அதை விரலால் அமுக்கி அளவு பார்க்கிறாள்.