வினாத்தாளில் அடங்காத பண்பு

கற்பதற்கென எழுதப்படும் நூல்கள் உண்டு. தேர்வுக்கென எழுதப்படும் நூல்களும் உண்டு. ஈண்டு நாம் ஆராயப் புகும் நூல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. பிரிட்டனில் நிலையாகக் குடியமரவோ, அந்நாட்டுக் குடியுரிமை பெறவோ விழைவோர்க்காக அந்நாட்டரசு வெளியிட்டுள்ள ‘லைஃப் இன் த யுனைட்டெட் கிங்டம்’ என்னும் கையேடே அது. 2005ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் குடிமைத் தேர்வுக்குரிய பாடநூல் இது. 24 வினாக்கள், 45 நிமிடங்கள், 18 விடைகள் சரியாயின் வெற்றி. மணலி, திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளிலிருந்து கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளும் இதனை மனனம் செய்ய வேண்டியவர்களே. ஆகவே, இந்நூலை எடைபோடுவது நமக்கும் உரிய பணியாகிறது.

2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பை ஆங்கிலமறிந்த நண்பர் துணையுடன் வாசித்தோம். மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித விடுதலை, பிற சமயத்தாரிடத்துச் சகிப்பு, சமூக வாழ்வில் பங்கேற்பு என ஐந்து நெறிகளை அது முன்வைக்கிறது. நூலில் நம்மைக் கவர்ந்த பகுதி, இவ்வைந்து பெரும் சொற்களன்று. இறுதியில் வரும் சிறு செய்திகளே. புதிதாகக் குடியேறியவர் அண்டை வீட்டாரிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். குப்பையை அள்ளும் நாளன்றித் தெருவில் வைத்தலாகாது. அழைப்பு வந்தால் நீதிமன்றத்தில் ஜூரியாக அமர வேண்டும். மதுரஸா மாணவர்க்கு ‘ஹக்குல் ஜார்’ எனும் அண்டை வீட்டார் உரிமை புதிய பாடமன்று. உயர்ந்த நெறி எதுவாயினும் அது வாசற்படியில்தான் சோதிக்கப்படுகிறது என்பதை இப்பகுதி நன்கு உணர்த்துகிறது. அதற்காக நூலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி, குறைகளுக்கு வருவோம். முதற்குறை சொல்லில் இருக்கிறது. ‘சகிப்பு’ என்றதும் ஒருவர் வருத்த மற்றவர் தாங்கும் காட்சியே தமிழ்மனத்தில் எழுகிறது. பொறையுடைமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் எனினும், அங்கும் பொறுப்பவர் ஒருவர், பொறுக்கப்படுபவர் வேறொருவர். அரபு மொழியில் இதற்கு வழங்கும் சொல் ‘தஸாமுஹ்’. பெருந்தன்மையைக் குறிக்கும் வேரிலிருந்து, ‘தஃபாஉல்’ என்னும் வாய்பாட்டில் பிறந்தது அது. அவ்வாய்பாடு பெரும்பாலும் இருவர் ஒருவருக்கொருவர் செய்யும் வினையைக் காட்டும். எனவே, தஸாமுஹ் ஒருவழிப் பாதையன்று. 2014இல் பிரிட்டிஷ் கல்வித்துறை பள்ளிகளுக்கு விடுத்த அறிவுரையில், சகிப்போடு ‘ஒருவரையொருவர் மதித்தல்’ என்பதும் இடம்பெறுகிறது. கையேட்டின் ஐந்து நெறிகளுள் அச்சொல் இல்லை. வந்தவன் எவற்றையெல்லாம் ஏற்க வேண்டும் என விரித்துரைக்கும் நூல், அவனை ஏற்போர் கடமையையும் அவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

இரண்டாம் குறை இதனினும் பெரிது. இந்நெறிகள் ஒரு நாட்டாரின் பிதிரார்ஜிதச் சொத்து என்னும் தோற்றத்தை நூல் தருகிறது. பேரரசு பெரும்பாலும் ஒழுங்காகவே கைமாறியது என்ற பாங்கில் அது வரலாறு சொல்வதை, 2020 ஜூலையில் பிரிட்டனின் வரலாற்றறிஞர் நூற்றுக்கு மேற்பட்டோர் கண்டித்துக் கடிதம் எழுதினர். நாம் அதற்கு இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. மணலிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள பெரம்பூரே போதிய சான்று.

1918 ஏப்ரலில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். 1920இல் ஆலை கதவடைக்கப்பட்டபோது, பின்னி கம்பெனி வாடியா முதலானோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. இங்கிலாந்தில் இத்தகைய வழக்குக்கு இடமில்லாதபடி 1906ஆம் ஆண்டுச் சட்டமே தொழிற்சங்கங்களுக்குக் காப்பளித்திருந்தது. அக்காப்பு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்துக்கு வரவில்லை. வழக்குத் தொடுக்கும் உரிமை மட்டும் வந்திருந்தது. என். எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து முயன்றதன் பின், 1926இல்தான் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

ஆங்கிலத் தொழிலாளிக்கு மட்டும் அவ்வுரிமை தொட்டிலிலேயே கிடைத்ததா? இல்லை. டாஃப் வேல் இரயில்வே வழக்கில் 1901இல் பிரபுக்கள் சபை சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 23,000 பவுன் இழப்பீடு சங்கத்தின் தலையில் விழுந்தது. அந்த அடியிலிருந்து எழுந்ததே 1906ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே ஐந்து ஆண்டுகள். இங்கே ஆறு ஆண்டுகள். இரு நாடுகளிலும் எளியவர் கேட்டுப் பெற்றதைத்தான் கையேடு ‘பிரிட்டிஷ் பண்பு’ எனப் பெயரிட்டு அடுக்கி வைக்கிறது.

கேட்டுப் பெற்றது வளரவும் செய்யும். தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்தவன், அது வெளியேறித் தீங்கு செய்தால் ஈடு செய்ய வேண்டும் என்பது 1868இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்த விதி. ஆயினும் இயற்கைச் சீற்றம் போன்ற விலக்குகள் அதற்கு உண்டு. டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, அபாயத் தொழில் நடத்துவோர்க்கு அவ்விலக்குகள் எவையும் செல்லா என்றது. இதன் பெறுமதி மணலியாருக்கு விளங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து மீனவர் வலைகளையும் படகுகளையும் கறையாக்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்தது. வெள்ளத்தின்மீது பழி போட்டுத் தப்ப முடியாத நெறி இந்நாட்டில் இருக்கிறது. அதன் வித்து இங்கிலாந்தினது, விளைச்சல் நம்முடையது.

ஆகவே, சட்டத்தின் ஆட்சி என்பது ஆட்சியாளர் நற்குணத்தின் பெயரன்று. அரபியில் ‘அஹ்து’ என்போமே, அதுபோன்ற உடன்படிக்கை அது. இரு தரப்பையும் கட்டுவது. தேர்வெழுதும் நம் பிள்ளைகள் கையேட்டைப் பழுதறக் கற்கட்டும். 24 வினாக்களுக்கும் விடையளிக்கட்டும். குப்பையை உரிய நாளில் வைக்கட்டும். அங்கே சம்பளம் பிடிக்கப்பட்டாலோ, வாடகை வீடு மறுக்கப்பட்டாலோ, அதே நூலை எடுத்துக் காட்டித் தம் உரிமையையும் கேட்கட்டும். அவர்களுக்கு அந்நாடு தரும் பதிலைக் கொண்டுதான் இந்நூலுக்கு நாம் மதிப்பெண் இட முடியும்.