காசும் கேஷும்

ஆங்கில 'கேஷ்' நம்ம 'காசு'ல இருந்து போனதுதான் என்று நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவன்தான். அகராதியைப் புரட்டியதும் வாயடைத்துப் போனேன். அங்கே கேஷ் ஒன்றல்ல, இரண்டு.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்ற பொருள்கொண்ட லத்தீன் 'காப்ஸா'வின் வழிவந்தது. பணப்பெட்டியின் பெயரே உள்ளே இருந்த பணத்துக்கும் ஆகிவிட்டது.

இன்னொரு கேஷ், சின்னச் செப்புக்காசு. அதுதான் நம்முடையது: 'காசு' போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா'வாகி ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி 1808-ல் மதராசுக்காக அடித்த 20 கேஷ் நாணயத்தில் இருப்பது இந்தக் கேஷ்தான். சீனாவின் சதுர ஓட்டைக் காசுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைத்தான் வைத்தார்கள். சீனக் காசுக்குத் தமிழ்ப் பெயர்! இதைவிட என்ன வேணும்?

ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. இல்லாத உறவைக் கொண்டாடப் போய், இருக்கிற உறவைக் கோட்டை விடுகிறோம்.