மறந்த வீடும் மறவாத உறவும்

மனிதன் எங்கிருந்து வந்தான் என்னும் வினா, அவன் எங்கே போவான் என்னும் வினாவைப் போலவே பழமையானது. சமயங்கள் பெரும்பாலும் பின்னதற்கே விரிவாக விடை கூறுகின்றன. முன்னதற்கு விரிவாக விடை கூறும் சமயங்களுள் ஒன்று, ஜோசப் ஸ்மித் என்பார் 1830ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறுவிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. உலகோர் இதனை மார்மன் சபை என்பர். அச்சபையாரின் உள்ளத்தில் அவ்விடையை வேரூன்றச் செய்ததில் மறைநூல்களுக்கு இணையான பங்கு ஒரு பாடலுக்கு உண்டு. எலைசா ஆர். ஸ்னோ அம்மையார் இயற்றிய ‘ஓ மை ஃபாதர்’ என்பதே அப்பாடல். அதன் நயத்தையும் குறையையும், அது தாங்கி நிற்கும் கொள்கையின் வலிமையையும் ஆபத்தையும் ஒருங்கே நோக்குவது பயனுடைத்து.

முதற்கண் கொள்கையைச் சுருங்கக் காண்போம். மனித உயிர் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டதன்று என்பது மார்மன் சபையார் நம்பிக்கை. தொடக்கத்தில் மனிதனும் இறைவனோடு இருந்தான் என்றும், அவனிடத்துள்ள அறிவுப்பொருள் படைக்கப்படாதது என்றும் ஸ்மித் 1833இல் அறிவித்தார். 1842இல் வெளிவந்த ஆபிரகாம் நூல், உலகம் உண்டாகுமுன் இறைவன் திருமுன் இருந்த ஆவிகளைப் பற்றிப் பேசுகிறது. மண்ணுலகு அவ்வாவிகள் சோதிக்கப்படும் இடம் என்கிறது. இதனை மறுபிறவிக் கொள்கையோடு மயங்குதல் கூடாது. மறுபிறவியில் உயிர் பல உடல்களில் மாறிமாறிப் புகும். மார்மன் கொள்கையிலோ உடல் ஒன்றே, உலக வாழ்வும் ஒன்றே. அதற்கு முன் ஆவியாய் இறைவனோடு வாழ்ந்த நினைவு, பிறக்கும்போது திரையிட்டு மறைக்கப்படுகிறது.

ஏனைய கிறித்தவ சபைகளும் இறைவனைத் தந்தை என்றே அழைக்கின்றன. படைத்தவன், காப்பவன், அருளால் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றவன் என்பது அங்கே பொருள். மார்மன் சபையார் இவ்வளவில் அமையவில்லை. மாந்தர் அனைவரும் நேர்ப்பொருளிலேயே இறைவனின் மக்கள் என்று அச்சபையின் தலைமைக் குழு 1909இல் அறிக்கை விடுத்தது. உவமை இங்கே உறவாகிவிட்டது. இம்மாற்றம் பாட்டில் எவ்வாறு நிகழ்கிறது என்பதே நோக்கத் தக்கது.

பாடல் பிறந்த காலம் துயரக்காலம். 1804இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த எலைசா, 1835இல் இச்சபையிற் சேர்ந்தார். 1842இல் ஜோசப் ஸ்மித்தின் மனைவியருள் ஒருவரானார். 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் கார்த்தேஜ் சிறையில் வெறிக்கூட்டத்தார் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றனர். 1845 அக்டோபரில் எலைசாவின் தந்தையும் மறைந்தார். அடுத்த மாதம் 15ஆம் நாள், இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் நடைபெற்ற ‘டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்’ இதழில் இப்பாடல் வெளிவந்தது. 1846 பிப்ரவரியில் அந்நகர மக்கள் கட்டிய வீடுகளை விட்டு மேற்கு நோக்கிப் புறப்படலாயினர். கணவனையும் தந்தையையும் இழந்து, வீட்டையும் இழக்கவிருந்த ஒருத்தியின் குரல் இது. இதனை மனத்திற் கொள்ளாமற் படிப்போர்க்கு இது வெறும் சமய பாடமாகவே தோன்றும்.

எட்டடி கொண்ட நான்கு பகுதிகளால் ஆனது இப்பாட்டு. முதற்பகுதியில் உயிர், தான் வளர்ந்த இல்லத்தை எண்ணித் தந்தையிடம் என்று மீள்வேன் என ஏங்குகிறது. இரண்டாம் பகுதியில் மறதி பேசப்படுகிறது. பழைய நினைவு தன்னிடமிருந்து விலக்கப்பட்டதை உயிர் உணர்கிறது. எனினும் இவ்வுலகில் தான் அயலாள் என்று உள்ளே ஏதோ ஒன்று மெல்லச் சொல்லக் கேட்கிறது. பாட்டின் உயிர்நிலை இதுவே. நினைவு அழிந்த பின்னும் ஏக்கம் அழியவில்லை என்பது எளிய கருத்து. ஆனால் கோட்பாட்டை நம்பாதவரும் தம் நெஞ்சில் உணரக்கூடிய கருத்து.

மூன்றாம் பகுதியில் நடை மாறுகிறது. விண்ணகத்தில் தந்தை இருப்பின் தாயும் இருத்தல் வேண்டும் என்று கவிஞர் வாதிடுகிறார். ஏங்கிய குரல் திடீரென வழக்குரைக்கத் தொடங்குவது போன்ற தடுமாற்றம் இங்கே உண்டு. கவிதை அளவில் இது குறையே. ஆயினும், தந்தை என்னும் சொல்லை நேர்ப்பொருளிற் கொண்டபின் தாயை விலக்குதல் முறையாகாது என்னும் துணிவு போற்றத்தக்கது. இக்கருத்து யாருடையது என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. எலைசாவுக்கே வெளிப்பாடாக அருளப்பட்டது என்றார் சபைத்தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், 1893இல். ஜோசப் ஸ்மித் கற்பித்ததையே அவர் பாடினார் என்றார் பின்னாளில் தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித்.

நான்காம் பகுதியில், ஏவிய பணியை முடித்தபின் உங்களோடு வந்து வாழ அனுமதிப்பீர்களா என்று உயிர் தந்தையையும் தாயையும் ஒருங்கே விளித்துக் கேட்கிறது. விண்ணகத் தாயை நோக்கி வழிபாடு செய்தல் முறையன்று என்று 1991இல் சபைத் தலைமைக் குழுவினராயிருந்த கார்டன் ஹிங்க்லி கூறினார். வழிபாட்டில் இடம்பெறாத அழைப்பைச் சபையின் பாடற்புத்தகம் இன்றும் பாட வைக்கிறது. விதி எட்டாத இடத்திற்குப் பாட்டு எட்டிவிட்டது.

இனி, பாட்டில் இல்லாதவற்றைக் காண்போம். இயேசுவின் பெயர் இதில் இல்லை. ஒரு கிறித்தவப் பாடலுக்கு இது பெருங்குறை என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆவிகளுள் மேலோர் கீழோர் என்னும் பேச்சும் இதில் இல்லை. இது குறையன்று, பெரும் நிறைவு. ஏனெனில் அப்பேச்சால் விளைந்த தீங்கு வரலாற்றில் பதிந்துள்ளது.

ஆபிரகாம் நூல் ஆவிகளுள் மேன்மையும் பெருமையும் உடையோர் சிலர் இருந்தனர் என்கிறது. அப்பகுதி நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் கறுப்பின ஆடவர்க்குக் குருத்துவம் இல்லை என்று 1852இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்த பின்னர், அத்தடைக்குக் காரணம் கற்பித்தோர் பிறவிக்கு முந்திய வாழ்வை நாடினர். அங்கே உறுதி குன்றி நின்ற ஆவிகளே இங்கே கறுப்பராய்ப் பிறந்தன என்றனர் சிலர். 1978 ஜூனில் தடை நீக்கப்பட்டது; 2013இல் அவ்விளக்கத்தையும் சபை வெளிப்படையாகக் கைவிட்டது. ஒருவன் இன்று தாழ்த்தப்பட்டிருப்பதற்கு யாரும் காணாத ஒரு காலத்தைச் சாட்சியாக இழுப்பது எந்தச் சமயத்தில் நிகழினும் கொடுமையே. சாட்டப்பட்டவன் அதை மறுக்கவும் வழியில்லை.

இவ்விடத்தில்தான் எலைசாவின் இரண்டாம் பகுதி துணை நிற்கிறது. மறதி என்னும் திரை எல்லார்க்கும் பொதுவானது. தன் பழைய வாழ்வையே அறியாத ஒருவன், அயலானின் பழைய கணக்கை எவ்வாறு படித்தான்? திரையை நம்புவோர் அதற்கப்பால் எட்டிப் பார்த்ததாகச் சொல்லல் ஆகாது. அத்திரையைத் தாண்டி வருவதாகக் கவிஞர் பாடுவது ஒன்றே ஒன்று: உறவு. அவ்வுறவில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் வேறுபாடு இல்லை.

பிறப்பிற்கு முன் வாழ்வு உண்டோ இல்லையோ, அதனை ஆராய்ச்சியால் நிறுவுதல் இயலாது. அக்கொள்கை மனிதரை என்ன செய்கிறது என்பதையே நாம் காண முடியும். அது ஒருவனை உடன்பிறந்தானாகக் காட்டுமாயின் நன்று. அவனைத் தாழ்த்தக் காரணம் தருமாயின் தீது. கொள்கை விளக்கியோர் சிலர் தவறவிட்ட இவ்வெல்லையை, வீடிழக்கவிருந்த ஒரு பெண் முப்பத்திரண்டு அடிகளில் காத்தார். பாட்டின் குறைகளெல்லாம் இப்பெருமையின் முன் சிறியனவே.