தொடக்க வாசிப்பும் தொல்கதை மரபும்

எழுத்தறியத் தொடங்கும் குழந்தைக்குரிய படக்கதை நூல்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எளியது ஆராய்தற்குரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம் ஆகும். நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். தொல்காப்பியர் செய்யுளியலில் உரைவகை கூறுமிடத்துப் பொய்ம்மொழியையும் நகைமொழியையும் சேர்த்தெண்ணினார். உரையின் ஒரு பகுதியைச் செவிலிக்கு உரியதெனவும் வரையறுத்தார். யானையும் குருவியும் நட்பாடிய கதையைப் பொய்ம்மொழிக்கு எடுத்துக்காட்டாகத் தந்தார் பேராசிரியர்.

இத்தகைய கதைகளைக் குழந்தைகளுக்கென அச்சிடுவோர் பலர், எளிமை கருதி இரண்டு மாற்றங்களைச் செய்கின்றனர். திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கூறியது கூறலெனக் குறைக்கின்றனர். இறுதியில் நீதியொன்றைச் சேர்க்கின்றனர். இவை கதையை எளிதாக்காமல் கடிதாக்குகின்றன என்பதே நம் கருத்து.

தன் பெயரை மறந்த ஈயின் கதையைக் காண்போம். ஈ கன்றை வினவுகின்றது. பின் கன்றின் தாயை, தாயை மேய்க்கும் இடையனை, அவன் கைக்கோலை என ஒவ்வொன்றாக வினவிச் செல்கின்றது. ஒவ்வொரு முறையும் பழைய பெயர்கள் அனைத்தும் வந்து, புதிய பெயர் ஒன்று மட்டும் சேரும். பத்துப் பெயர் கொண்ட வடிவமாயின், குழந்தை 55 முறை பெயர்களைப் படிக்கும். அவற்றுள் புதியன 10 மட்டுமே. பயிற்சி நூல் செய்ய விரும்பும் ஆசிரியர் இதனினும் சிறந்த படிமுறையை வகுத்தல் அரிது. கன்றே, இடையா, கோலே என விளியுருவங்களும் தாமே பழகிவிடுகின்றன. இறுதியில் குதிரையின் கனைப்பொலியில் ஈ தன் பெயரைக் கேட்டறிகின்றது. அப்பெயரோ நன்னூலார் வகுத்த 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்று. நெடுங்கணக்குப் பயிலும் குழந்தை, ஓரெழுத்தே ஒரு சொல்லாதலை இங்கே காண்கின்றது. தொடர்களைக் குறைத்துவிட்டால் இவ்வளவும் அழியும்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையிலுள்ள ரெட்டியார்பாளையத்துக் குழந்தைக்கும் இது பொருந்தும். வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்ட குழந்தை, ஏட்டில் ‘வந்தது’ என்று காண்கின்றது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கடக்கக் காதறிந்த அடுக்குத் தொடரே துணையாகும். செவி முன்னரே அறிந்ததைக் கண் தேடிக் கண்டுகொள்ளும்.

இனிப் படத்தின் பணி யாது? வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை இதற்கு விடை தரும். அது 1822இல் பாபிங்டனால் இலண்டனில் அச்சிடப்பெற்றது. புதுச்சேரிக்கு 1792இல் வந்த துபுவா பாதிரியார் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் வெளியிட்டார். ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடரும் எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டு எண்ணுவதால் ஒருவர் ஆற்றோடு போனார் என்று அழுகின்றனர். படத்தில் அறுவரும் நிற்பின், குழந்தை விரல்வைத்து எண்ணி நகைக்கும். கதைமாந்தர் அறியாததைத் தான் அறிந்த பெருமிதமே அந்நகையின் ஊற்று. ஈயின் கதையிலும் இதுவே நிகழ்கின்றது: ஈ மறந்த பெயரைப் படம் பார்க்கும் குழந்தை மறக்கவில்லை. ஆதலின், உரை சொல்வதையே மீண்டும் வரைவது நல்ல படமன்று. மாந்தர் காணாததைக் குழந்தைக்குக் காட்டுவதே நல்ல படம். இவ்வாறு தானே கண்டறிந்த குழந்தைக்கு இறுதியில் நீதி கூறுதல், விடை சொன்னவனிடமே விடையை விளக்குதல் போன்றதாகும்.

தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பகுத்தது. இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் படிநிலையைச் சொல்லின் அளவு, தொடரின் நீளம் ஆகியவற்றால் மட்டும் அளத்தல் போதாது. நீண்ட தொடரும் அடுக்கி வரின் எளிதாம். குறுந்தொடரும் தொடர்பின்றி வரின் அரிதாம்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், நாட்டுப்புறக் கதைகளைப் பேச்சின் நடை குன்றாமல் தொகுத்தார். அவ்வழியில் முதுகலை மாணவர் தத்தம் ஊர்ப் பாட்டிமாரிடம் அடுக்குக் கதைகளின் வேறுபாடுகளைத் திருத்தாது எழுதிக்கொள்ளல் வேண்டும். சுவடிக்குப் பாடவேறுபாடு காணும் நாம், பாட்டியின் சொல்லுக்கும் அதனைக் காண்பது கடன். சொல்வோர் மறைந்தபின் அவ்வேறுபாடுகளை எங்கும் தேடிப்பெற இயலாது.