கூத்துமாடம் மறவாத வீரர்கள்

இராமகாதையின் போர்க்களத்தை நினைக்குங்கால் நம் மனக்கண்முன் வந்து நிற்போர் ஓர் அறுவரே. இராமன், இலக்குவன், அனுமன், இராவணன், இந்திரசித்து, கும்பகருணன் என எண்ணி முடித்துவிடுகிறோம். கம்பநாடர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களால் யுத்த காண்டத்தை விரித்தது இவ்வறுவர் பொருட்டு மட்டும் அன்று. அதிகாயனுக்கு ஒரு படலம், மகரக்கண்ணனுக்கு ஒரு படலம், மூலபலச் சேனைக்கு ஒரு படலம் என அவர் வகுத்து வைத்துள்ளார். பட்டிமண்டபங்களில் இப்படலங்கள் ஒலிப்பது அரிது. பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போதும் இவர்கள் விடுபட்டுப் போகின்றனர். அலுவலகக் கோப்பில் ஒப்பமிட்ட அதிகாரியின் பெயர் நிலைக்கும். குறிப்பெழுதிய எழுத்தரை யார் நினைக்கிறார்? இலக்கியத்திலும் அந்நிலையே போலும்.

இவ்வீரர்களை மறவாத இடம் ஒன்றுண்டு. அது இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் இருப்பதுதான் வியப்பு.

பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடப்பது பெருமாட்டி. முன்னர்க் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூர்ப் பகுதி, 1956இல் கேரளம் அமைந்தபோது அம்மாநிலத்தைச் சார்ந்தது. எல்லைக்கோடு மாறினும் வயற்காட்டிலும் சந்தையிலும் வழங்கும் தமிழ் மாறவில்லை. மலையாளத்தின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாள்களைக் கழித்ததும் இச்சித்தூரிலேதான். அவர் பாடிய அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு மலையாள இல்லங்களில் ஆடிமாதம் முழுதும் ஓதப்படுகிறது. ஆயினும், சித்தூர் ஆறு சென்று சேரும் பாரதப்புழையின் கரைகளில், பத்ரகாளி கோயில்களின் முன்னுள்ள கூத்துமாடங்களில் ஒலிப்பது எழுத்தச்சன் பாட்டன்று; கம்பன் பாட்டு!

தோல்பாவைக்கூத்து என்பது அக்கலையின் பெயர். நீண்ட திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகள் ஏற்றப்படும். தோலிற் செதுக்கிய பாவைகளின் நிழல் திரைமீது விழ, புலவர் எனப்படும் கலைஞர் கம்பன் பாடலைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விளக்கம் உரைப்பர். 7 இரவு, 14 இரவு, 21 இரவு எனக் கோயில்தோறும் கணக்கு வேறுபடும். தாருகனோடு பொருதுகொண்டிருந்தமையால் பத்ரகாளி இராம-இராவணப் போரைக் காண இயலவில்லை என்றும், அக்குறை தீரவே அவள் முன்றிலில் இக்கூத்து நிகழ்கிறது என்றும் கூறுவர். மனிதர் வராவிடினும் கூத்து நிற்பதில்லை. இக்கலையை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பார்ப்போர் எவருமின்றி விடிய விடிய நிகழும் கூத்தைக் கண்டு வியந்தே தம் ஆய்வைத் தொடங்குகிறார். கேட்பவள் அம்மன் ஒருத்தி என்றான பின், சிறுபாத்திரம் பெரும்பாத்திரம் என்று கழித்துக் கட்டும் அவசரம் புலவருக்கு ஏது?

இனி, அவ்வீரர்களிடம் வருவோம். அதிகாயன் இராவணனுக்கும் தானியமாலைக்கும் பிறந்த மகன். சிற்றப்பன் கும்பகருணன் மாண்டதும் தந்தைமுன் எழுந்து அவன் கூறும் சூளுரை நினைவிற் கொள்ளத்தக்கது. தம்பியை இழந்து நீ வருந்துவது போல் இராமனையும் தம்பியை இழந்து வருந்தச் செய்வேன் என்பது அவன் கருத்து. துயரத்தை ஈடு செய்யக் கருதும் கணக்கு அது. மறைந்திருந்து தாக்கும் எண்ணம் அவனுக்கில்லை. மயிடன் என்பவனைத் தூதாக விடுத்து, இலக்குவனை நேர்நின்று போருக்கு அழைக்கிறான். மதுகைடவரின் பழங்கதையைச் சொல்லி வீடணன் அவன் வலிமையை உணர்த்துகிறான். இறுதியில் பிரமப்படையே அவனை வீழ்த்த வேண்டியிருந்தது. படலம் அத்தோடு முடியவில்லை. தானியமாலை வந்து கணவன் காலடியில் வீழ்ந்து அரற்றுகிறாள். மண்டோதரியின் புலம்பலைப் போற்றும் நாம் இவள் புலம்பலைப் படிக்காமலே கடந்துவிடுகிறோம்.

மகரக்கண்ணன் கரனுடைய மகன். தந்தையைக் கொன்றவனோடு பொர எனக்கே உரிமை என்று இராவணனிடம் வாதாடுகிறான். தன் தாய் இன்னும் மங்கலநாணைக் களையவில்லை. கணவனைக் கொன்றவன் தலையோட்டைக் கலமாகக் கொண்டன்றிக் கடன் கழிக்க உடன்படாள் என்கிறான். இந்த ஒரு செய்தியால் அவன் வெறும் அரக்கன் என்னும் நிலையினின்று உயர்ந்துவிடுகிறான். கரன் வீழ்ந்தது ஆரணிய காண்டத்தில். அன்று தொட்டு ஒரு பெண் அரை விதவையாய் இலங்கையிற் காத்திருந்தாள். யுத்த காண்டம் பாடும்வரை கம்பர் அவளை மறக்கவில்லை. பகைவர் வீட்டு முற்றத்தையும் எட்டிப் பார்க்கும் இக்கண்ணோட்டமே கம்பரின் தனிச்சிறப்பு என்பது நம் துணிபு.

மூன்றாமவன் சம்புகுமாரன். இவனைக் கம்பரிடம் தேடினால் கிடைக்கமாட்டான், வான்மீகத்திலும் இல்லை. சூர்ப்பணகையின் மகனாகிய இவன், காட்டில் தவமியற்றுங்கால் இலக்குவன் வாளால் அறியாது வெட்டுண்டு மாள்வதைக் கூத்துப் புலவர்கள் கதையிற் சேர்த்துள்ளனர். விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய சமண இராமகாதையாகிய பௌமசரியத்திலும் இந்நிகழ்ச்சி உண்டு. ஏட்டுப் பதிப்பை மட்டுமே நம்பும் புலவர் பெருமக்கள் இதனை இடைச்செருகல் என ஒதுக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கம்பரில் காமத்தால் பஞ்சவடிக்கு வரும் சூர்ப்பணகை, கூத்தில் மகனை இழந்த தாயாகவும் தோன்றுகிறாள். கம்பர் தானியமாலைக்கும் கரன் மனைவிக்கும் அளித்த நீதியைப் புலவர்கள் சூர்ப்பணகைக்கும் நீட்டித்தனர். கம்பர் சொல்லாததைக் கம்பர் வழியிலேயே நின்று சொன்னார்கள் என்க. சூர்ப்பணகையின் வருகையைக் கம்பர் நடத்தும் நாடக நயம் இதனாற் சற்று மங்குகிறது என்பாரும் உளர், அதையும் மறுப்பதற்கில்லை.

கூத்தில் குறை இல்லாமல் இல்லை. பாடல்கள் வழிவழியாக வாய்மொழியில் வந்தமையால் சில சொற்கள் உருத்தெரியாமல் சிதைந்துள்ளன. விளக்கம் தத்துவ வாதங்களில் இறங்கிவிட்டால், வில்லேந்தி நிற்கும் வீரனின் நிழல் நெடுநேரம் திரையில் அசையாது நிற்கும். எனினும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத குடும்பங்கள் ஈராயிரத்துக்குக் குறையாத தமிழ்ப் பாடல்களைத் தலைமுறைதோறும் நெஞ்சிற் சுமந்து வந்தனவென்றால், இரண்டொரு சொற்பிழைக்காக அவர்களை நகைப்பதற்கு நமக்கு என்ன தகுதி? கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயில் முற்றத்துக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

பெருமாட்டிப் பக்கத்தார்க்குப் பகைவனின் வீரத்தைக் காண்பது புதிதன்று. சித்தூர்ப் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கொங்கன்படை நடைபெறுகிறது. கொங்குநாட்டுப் படையைப் பகவதி வென்ற கதை அது. தோற்ற படை பேசியது நம் தமிழ். அவ்விழாவைக் காணத் தமிழர்களும் திரண்டு செல்கின்றனர். எவரும் மனம் வருந்துவதில்லை.

நம் சங்கத்துக் கம்பன் விழாக்களில் பிள்ளைகளுக்கு மனப்பாடப் போட்டி வைக்கும்போது, குகப் படலமும் மிதிலைக் காட்சியுமே மீண்டும் மீண்டும் தரப்படுகின்றன. மகரக்கண்ணன் வதைப் படலம் அளவிற் சிறியது. ஒரே மாலையில் பொருளோடு சொல்லித் தந்துவிடலாம்.