சுதந்திரமும் தறியும்

'சுதந்திரம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதன் பிறப்பை எண்ணிப் பார்ப்போர் குறைவு. வடமொழியில் 'தந்திரம்' என்பதன் பழம்பொருள்களுள் 'தறி', 'பாவு' என்பனவும் உண்டு. அவ்வழியே நோக்கின் 'தன் தறி உடைமை' என்றும் சுதந்திரத்துக்குப் பொருள் சொல்லலாம். பட்டு நெய்யும் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இருந்து எழுதுகின்ற எனக்கு இப்பொருள் மிகவும் உவப்பானது. தனிமனித சுதந்திரத்தைப் பற்றி நம் நாட்டில் எழுந்த பெருஞ்சிந்தனை ஒன்றை இந்தத் தறியின் பக்கத்தில் வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சிந்தனைக்கு அரசியல் வடிவம் தந்தவர் இராஜாஜி. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில், தமது எண்பதாம் வயதில், மினு மஸானி, என்.ஜி. ரங்கா முதலியோருடன் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார் அவர். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆகியவற்றின் ஆட்சி என்று அவர் அன்றைய பொருளாதார முறையைக் குறித்த தொடர் இன்றும் வழக்கில் உள்ளது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்ற அக்கட்சி, 1974-இல் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது. எனினும் அது எழுப்பிய வினா மறையவில்லை. தனிமனிதன் தன் உழைப்பையும் பொருளையும் கருத்தையும் தானே ஆளலாமா, அல்லது அவனுக்காகப் பிறர் ஆள வேண்டுமா என்பதே அவ்வினா.

அக்கட்சியிடம் ஓர் அரிய பண்பு இருந்தது. அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட செய்திகளில் உறுப்பினர் தம் மனம்போல் கருத்துக் கொள்ளவும் வாக்களிக்கவும் அது உரிமை தந்தது. கட்சிக் கட்டளைக்குத் தலையாட்டுவதே அரசியல் என்றாகிவிட்ட நாளில் இது நினைத்துப் போற்றத்தக்கது. 1967-இல் அறிஞர் அண்ணாவும் இராஜாஜியும் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும் ஓரணியில் நின்றதையும் நம் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. முழுவதும் ஒத்த கருத்தினர் அல்லர் அம்மூவரும். தத்தம் கருத்தை விடாமலே கூடி நின்றனர்.

இவ்வளவும் சொன்னபின், குறையையும் சொல்வதே நடுநிலை. தனிமனித சுதந்திரம் பேசிய அதே பெருந்தகை ஆட்சியில் இருந்தபோது செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1938-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராய்ப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்த்தோர் குற்றவியல் திருத்தச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். காஞ்சியில் பிறந்த அண்ணாவும் அவர்களுள் ஒருவர். 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராய், பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வடிவைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. இந்தியைப் பற்றிப் பின்னாளில் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அதன் திணிப்பை வன்மையாக எதிர்த்தார் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் தறிக்கு மிக அண்மையது. 1953-இல் முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம் என்றும், எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றும் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பணமும் ஆசிரியரும் போதாத காலத்தில் இரு மடங்கு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர அதுவே வழி என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நெசவாளியின் மகன் நெசவே கற்கவேண்டும், வண்ணாரின் மகன் வெளுக்கவே கற்கவேண்டும் என்றால், அப்பிள்ளையின் தேர்வுரிமை எங்கே? மக்கள் அதனைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே ஆட்சிக்காலத்தில், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவரும் இராஜாஜியே. நெசவாளியின் தறியைக் காக்க முனைந்த கை, நெசவாளியின் மகனை அத்தறியோடு கட்டவும் முனைந்தது. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. சிந்தனையின் எல்லை இருக்கிறது. அரசுக்கு எதிரே நின்ற குடும்பத்தலைவனை, நிலக்கிழவனை, வணிகனை அவர் தனிமனிதனாகக் கண்டார். அக்குடும்பத்தின் உள்ளே இருக்கும் பிள்ளையை, பெண்ணை அவ்வாறு காணவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், நமது அரசியல் சாசனம் கிராமத்தை விடுத்துத் தனிமனிதனையே அலகாகக் கொண்டிருப்பது தமக்கு மகிழ்ச்சி என்றார். கிராமமும் குலமும் குடும்பமும் தம் உள்ளே இருப்பவனை விழுங்கிவிடக்கூடும் என்பதை அவர் வாழ்வில் கண்டவர். இவ்விடத்தில் அம்பேத்கரின் பார்வையே ஆழமானது என்பது என் துணிபு.

சுதந்திரம் பேசுவோரே அதிகாரம் கைக்கு வந்தபோது அதை மறப்பது புதிதன்று. இஸ்லாமிய வரலாற்றில், மனிதன் தன் செயலைத் தானே தெரிவு செய்கிறான் என்று வாதிட்டவர்கள் முஃதஸிலாக்கள். அவர்களை ஆதரித்த கலீஃபா மஃமூன், கி.பி. 833-இல், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் அவர்களது கோட்பாட்டை ஏற்குமாறு அறிஞர்களை அதிகாரத்தால் நெருக்கினார். இணங்க மறுத்த இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையும் கசையடியும் பெற்றார். இதற்கு மாறாக, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' நூலை நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக்க ஒரு கலீஃபா விரும்பியபோது, இமாமவர்களே அதனைத் தடுத்தார்கள் என்பது அறிஞர் கூறும் செய்தி. வெவ்வேறு ஊர்களின் மக்கள் வெவ்வேறு ஆசிரியரிடம் கற்றதைத் தம் நூல் அழித்துவிடக்கூடாது என்று அவர்கள் கருதினார்கள்.

இனி நம் வீட்டுப் பக்கமும் திரும்புவோம். பிறரைத் திறனாய்ந்துவிட்டு நம்மைத் திறனாயாமல் விடுவது ஆய்வாகாது. எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு நிர்ப்பந்திக்கப்படலாகாது என்று அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் திருத்தம் கொண்டுவந்து வாதிட்டவர் காயிதே மில்லத். பெரும்பான்மை சிறுபான்மையைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதே அவ்வாதத்தின் சாரம். அவ்வாதம் அரசின் வாயிலோடு நின்றுவிடுமா? ஜமாஅத்தின் வாயிலிலும் அது ஒலிக்கவேண்டாமா? சமூகத்தை அரசு நிர்ப்பந்திக்கக்கூடாது என்று கேட்கும் நாம், தனியொருவரைச் சமூகம் நிர்ப்பந்திக்கலாம் என்று சொன்னால் நம் முதல் வாதமே வலுவிழக்கும்.

தாவூதி போஹ்ராக்கள் தொடர்பான வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம், சமூக விலக்கைத் தடுத்த பம்பாய்ச் சட்டத்தைச் செல்லாது என்றது. அத்தீர்ப்பை மறுபடி ஆராயவேண்டும் என்று 2023-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அவ்வினா அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2007-இல் தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்குக்கு ஆளானார். அவர் கருத்தோடு உடன்படாதவர் பலர் இருக்கலாம். உடன்படாதார்க்கு நம் முன்னோர் வகுத்த வழி 'ரத்து' எழுதுவது, அதாவது மறுப்புநூல் இயற்றுவது. எழுத்துக்கு எழுத்தே மறுமொழி. ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கும் மையித்துக்கும் ஊரார் செல்லாமல் விலகுவது அவர் எழுத்துக்கு மறுப்பாகாது. அது அவர் மனைவி மக்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகும்.

'தனிமனிதனை உயர்த்தினால் தன்னலம் பெருகும், ஜமாஅத் குலையும்' என்பது நம்மிடையே அடிக்கடி எழும் ஐயம். இதற்கு நம் ஃபிக்ஹுக் கலையிலேயே விடை உண்டு. கடமைகளை 'ஃபர்ளு ஐன்' என்றும் 'ஃபர்ளு கிஃபாயா' என்றும் அறிஞர் பகுத்தனர். முன்னது ஒவ்வொருவரும் தாமே செய்யவேண்டியது. தந்தையின் தொழுகை மகனுக்கு ஆகாது. பின்னது சிலர் செய்யின் ஏனையோர் பொறுப்பு நீங்குவது. ஒருவருமே செய்யாவிடின் எல்லாரும் குற்றவாளிகள். இறைவன்முன் விடையளிப்பதில் தனிமனிதன் தனித்தே நிற்கிறான்; ஊரின் தேவையில் ஊரோடு நிற்கிறான். இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. தானே விடையளிக்கவேண்டியவனுக்குத் தானே தெரிவு செய்யும் உரிமை இல்லையெனில், விடையளிப்பதற்குத்தான் என்ன பொருள்?

காஞ்சிச் சேலையின் கோர்வையைப் பாருங்கள். உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும்; நெய்பவருக்குத் துணையாக ஒருவர் தறியில் அமரவேண்டும். அத்துணையாளின் இடத்தில் பன்னெடுங்காலம் அமர்ந்தது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தன. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு அளிக்கிறது. 1953-இன் நிழல் இவ்விலக்கில் விழுகிறது அன்றோ? பள்ளி விட்டு வந்த பிள்ளை தறிக்குச் செல்வதா, புத்தகத்துக்குச் செல்வதா என்பதை இன்று சட்டம் தீர்மானிக்கவில்லை, பெற்றோரே தீர்மானிக்கின்றனர்.

ஆகவே சுதந்திரச் சிந்தனையைப் பாராளுமன்றத்திலும் சந்தையிலும் மட்டும் தேடுவது போதாது. லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்த இராஜாஜியிடம் நாம் கற்கவேண்டியது உண்டு. அவர் காணாமல் விட்ட இடத்தை நாம் காணவேண்டியதும் உண்டு. நெசவு இழிதொழில் அன்று. மனமுவந்து கற்கும் பிள்ளைக்கு அது மேலான கலை. மகனோ மகளோ எதைப் பயில விரும்புகின்றனர் என்று இவ்வாண்டு பள்ளி திறக்குமுன் ஒவ்வொரு தந்தையும் தாயும் ஒருமுறை கேட்கட்டும். விடையைப் பொறுமையோடு செவிமடுக்கட்டும். மாற்றுக் கருத்தினரை விலக்குமுன் அவருக்கு எழுத்தால் மறுமொழி தர ஜமாஅத்தார் முன்வரட்டும். இவ்விரண்டையும் செய்தபின், நம் சுதந்திரத்தைத் தருமாறு அரசை நோக்கி நாம் கேட்கும் குரலுக்கு மறுப்பிராது.